சம்பந்தி கோழி பார்த்த கோடை

தம்பி,

ஓசூரில் பின்பக்கம் மண்தரையோடு வீடு கிடைத்துவிட்டது, நாலைந்து கோழி வளர்க்கலாம் என்றிருக்கிறோம் என்று நீ போனில் சொன்னாய். மருமகள் ஈஸ்வரி பின்னாலிருந்து, “அத்தை, கருப்பிக் கோழி வழியில வந்ததுதான் வேணும்” என்று சத்தம் போட்டாள். தருகிறேன். ஆனால் எப்படி வளர்க்க வேண்டும், ஊருக்குப் போனால் கோழியை என்ன செய்வது என்று நீ கேட்டபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நின்று பேச முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கேட்காத ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அதில் பாதி உன் கண்முன்னால்தான் நடந்தது. மீதியை நானும் உன் அப்பாவும் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

முதலில் கோழி. காலையில் எழுந்ததும் கூட்டைத் திறந்துவிட வேண்டும். நீ தூங்கினாலும் அவை தூங்காது. உள்ளேயே ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருக்கும். திறந்ததும் தீனியைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதே. கொஞ்ச நேரம் நின்று, ஒவ்வொன்றும் எப்படி வெளியே வருகிறது என்று பார். ஓடி வந்தால் நலம். ஒன்று மட்டும் பின்தங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தால் அதற்கு ஏதோ இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து ஒரு பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வை. எச்சம் வெள்ளையாக, பச்சையாக நீர்த்துப் போனால் அது கழிச்சல் நோய். வந்தபிறகு மருந்து தேடிப் பயனில்லை, அதற்குள் மற்றதற்கும் பரவியிருக்கும். கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும் நாளைக் கேட்டு, வெயில் தொடங்கும் முன்னாலேயே போட்டுவிடு. ஆரம்பத்தில் நான் அலட்சியமாக இருந்து ஒரு கோடையில் கூடு முழுக்கக் காலியானது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய், கோழிக்குழம்பு இல்லையா என்று மட்டும் கேட்டாய்.

தீனிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். காலையில் கம்போ உடைத்த சோளமோ ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. நடுவில் அவையே மண்ணைக் கிளறிப் பொறுக்கிக்கொள்ளும். கீரைத்தண்டு, முட்டைக்கோஸ் மேல்தழை, மிஞ்சின சோறு போடலாம். புளித்ததையும் உப்பு, காரம் சேர்ந்ததையும் போடாதே. முட்டை ஓட்டைத் தூக்கி எறியாமல் காயவைத்து நொறுக்கிப் போட்டால் அடுத்த முட்டைக்கு ஓடு கெட்டியாக இருக்கும். முழு ஓடாகப் போட்டால் தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் குவித்து வை. அதில் புரண்டால் பேன் போகும். இங்கே மழைக்காலத்தில் கரிசல் மண் கோழியின் விரல்நுனியில் உருண்டை உருண்டையாக ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். பிடித்து வெந்நீரில் காலை ஊறவைத்து உதிர்க்க வேண்டும், பிய்த்தால் நகமும் சேர்ந்து வரும். உங்கள் பக்கம் செம்மண் என்பதால் உனக்கு அந்த வேலை இருக்காது.

ஊருக்குப் போவதுதான் கஷ்டம். ஆடு மாடு என்றால் ஆளைத் தேடுவார்கள். கோழிதானே என்று நினைத்து, தானியத்தைக் குவித்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். வைகாசி மாதம். அகலமான அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். முதல் நாளே ஏதோ ஒன்று விளிம்பில் ஏறிக் கவிழ்த்திருக்க வேண்டும். உங்களை மறுவீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது சட்டி கவிழ்ந்து கிடந்தது. வேலி ஓரத்தில் சில செத்துக் கிடந்தன. மாலை கழுத்தோடு கிளம்பிப் போன உன்னிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார், சொல்லவில்லை. அன்றைக்கு வேறு ஒன்றும் நடந்திருந்தது. அதை நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறாய்.

ஈஸ்வரியின் அப்பா புதூர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவர் என்பதில் உன் பெரியப்பாவுக்கு ஆரம்பம் முதலே மனக்குறை. காடு கரை உள்ள நம் குடும்பத்துக்கு இது ஒட்டாது என்று நிச்சயதார்த்தத்திலேயே முணுமுணுத்தார். கல்யாணத்தன்று மத்தியானம் ஈஸ்வரியின் அப்பா பட்டுச்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாதா வெள்ளைச்சட்டையோடு, தன் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இலை கிடைத்ததா என்று பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இலையில் சோறு விழுந்துவிட்டது. அந்த நேரம் பெரியப்பாவின் ஆபீஸ் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பெரியப்பா அந்த வரிசைக்குப் போய், “ஆட்டுக்காரங்க எல்லாம் அடுத்த பந்தி. எந்திரிங்க, எந்திரிங்க” என்றிருக்கிறார். பெண்ணின் அப்பாவும் அதில் இருக்கிறார் என்று கவனிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். கவனித்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். ஈஸ்வரியின் அப்பா சண்டை போடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். “பொண்ணக் குடுத்தாச்சு, அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல. இனி இவிய வீட்டு வாசல் ஏறிப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் அப்போது சமையல்கட்டுப் பக்கம் இருந்தேன். விஷயம் என் காதுக்கு வரும்போது அவர்கள் வேன் கிளம்பிவிட்டது. உன் அப்பாவிடம், “நீங்க எங்கன நின்னீங்க?” என்று கேட்டேன். “நான் பாக்கல” என்றார். நானும் விட்டுவிட்டேன். நாளாக ஆகச் சரியாகும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. ஈஸ்வரிக்கு வளைகாப்பு போட்டு அழைத்துப் போக அவர்கள் வந்தபோது அவள் அம்மாவும் சித்திமாரும் உள்ளே வந்தார்கள். அவள் அப்பா தெருவில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொடுத்தனுப்பினேன். செம்பு அப்படியே திரும்பி வந்தது. கையோடு கொண்டுவந்த பாட்டிலில் இருந்து அவர் தண்ணீர் குடித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

அது நடந்து கொஞ்ச நாளில், சித்திரை வெயிலில், உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோவில்பட்டியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது நான் மாற்றுச்சேலைகூட எடுக்கவில்லை. கூடு திறந்து கிடந்தது, கோழிகள் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டார் விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நீ ஓசூரிலிருந்து வந்து சேர்ந்து, டாக்டரிடம் பேசி, பைபாஸ் செய்ய வேண்டும் என்று முடிவான பிறகுதான் எனக்குக் கோழி ஞாபகமே வந்தது. ஆள் உள்ளே அப்படிக் கிடக்கும்போது கோழியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. ஈஸ்வரி தாய் வீட்டிலிருந்து போன் செய்தபோது அவளிடம் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாய் புகுந்திருக்கும், எதுவும் மிஞ்சியிருக்காது என்றேன். அவள், “சரி அத்தை, மாமாவப் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்று பொழுதடைந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“கோழிய அடைச்சாச்சு” என்றது ஒரு குரல்.

“யாரு பேசுதது?”

“ஈஸ்வரி அப்பா. எல்லாம் உள்ள போயிட்டு. ஒண்ணு மட்டும் முருங்கையில ஏறிக்கிட்டு எறங்க மாட்டேங்கு.”

“அது சேவல். அங்கனதான் படுக்கும். விட்ருங்க.”

“செரி.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். போனில் யார் என்று நீ கேட்டாய். கோழி விஷயமாக என்றேன். ஈஸ்வரியின் அப்பா நம் தோட்டத்தில் இருக்கிறார் என்று மறுநாள் ஈஸ்வரி சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு அவருக்கு போன் செய்து நன்றி சொல்லப் போனாய். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை.

அவர் ஆட்டை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு பையோடு பஸ் ஏறி வந்திருந்தார். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, “சாவி எதுக்கு? கோழி வெளியதான கெடக்கு” என்றுவிட்டார். பக்கவாட்டு கேட் வழியாகத் தோட்டத்துக்குள் வந்து, அங்கே கிடந்த கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். கம்பும் சோளமும் வெளிக் கொட்டகையில் இருந்ததால் வீட்டைத் திறக்கிற தேவையும் இல்லை. தெருமுனை டீக்கடையில் சாப்பாடு. குடிக்கிற தண்ணீரையும் அங்கேதான் பிடித்துக்கொண்டார். நம் தோட்டத்துக் குழாயில் கோழிக்குத் தண்ணீர் பிடித்தார், அதில் அவர் வாய் வைக்கவில்லை. இதெல்லாம் டீக்கடைக்காரர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் தினமும் போன் வந்தது. எந்தப் போனிலும் என்னை அவர் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. எடுத்ததும் நேரே கோழிதான். “எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு, றெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குதுக. சீக்கா?” என்று ஒரு மத்தியானம் கேட்டார். வெக்கை என்றேன். சாக்கை நனைத்துக் கூட்டின் மேல் போடுங்கள், தண்ணீரை வேம்பு நிழலுக்கு மாற்றுங்கள், உச்சிவெயிலில் தானியம் போடாதீர்கள், தின்றால் உடம்பு இன்னும் சூடாகும் என்றேன். சொன்னதைச் செய்தார். சட்டி இலேசாக இருக்கிறது, கவிழும் என்று அவரே பார்த்து, கனமான மண்தொட்டி ஒன்றைத் தேடிப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். நீயும் அப்படி வை. ஒன்றுக்கு இரண்டாக, இரண்டு இடத்தில்.

ஒரு நாள் காலையிலேயே போன் வந்தது. நான் அலோ அலோ என்று கத்திய பிறகு, “ஒண்ணு போயிட்டு” என்றார். கீரி கூட்டின் அடியில் மண்ணைத் தோண்டி நுழைந்திருக்கிறது. செவலை நிறக் கோழி ஒன்று போய்விட்டது. “நான் இங்கனதான் படுத்துக் கெடந்தேன். சத்தமே கேக்கல. வேற கோழி வாங்கி விட்டுருதேன்” என்றார். நான் இருந்தாலும் அது நடக்கும், வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்றேன். நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று குரலில் தெரிந்தது. அன்றைக்கே கூட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி உடைந்த கற்பலகைகளை இறக்கிப் புதைத்திருக்கிறார். கெட்டித்துப்போன கரிசலை அந்த வெயிலில் தோண்டுவது எப்படி என்று உனக்குத் தெரியும். இப்போதும் அந்தக் கல்தான் இருக்கிறது. உன் கோழியை யாராவது பார்த்துக்கொண்டு, அவர்கள் கையில் ஒன்று செத்துப்போனால், நீ வந்ததும் முதலில் அதைப் பற்றிக் கேட்காதே. அவர்கள் சொல்லட்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடு.

உன் அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று நீ கையெழுத்துப் போடவும் ரத்தம் ஏற்பாடு பண்ணவும் கீழே மேலே அலைந்துகொண்டிருந்தாய். நான் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தனியாக இருந்தேன். அப்போது அவர் கூப்பிட்டார்.

“ஒண்ணு எந்திரிக்கவே மாட்டேங்கு. கருப்பு. கிட்ட போனா புடிச்சுக் கொத்துது.”

“அது அடைக்கு உக்காந்துருக்கு. தூக்கி வெளிய விடுங்க. முட்டையை எல்லாம் எடுத்துருங்க. குளுந்த தண்ணியில வயித்த நனைச்சு விட்டா ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சுரும். இந்த வெயில்ல அடை வெச்சா பாதி பொரிக்காது.”

“செரி.” போனை வைக்கவில்லை. “அவிய உள்ள போயாச்சா?”

“காலையிலயே கொண்டு போயிட்டாவ.”

“ம்.” அப்புறம் அவர், அந்தச் சேவல் எத்தனை வயசு என்று கேட்டார். சாம்பல் நிறக் கோழி ஏன் நொண்டுகிறது என்று கேட்டார். முட்டையைத் தினமும் எடுக்க வேண்டுமா, கிடந்தால் என்ன, வெள்ளை ஓட்டு முட்டைக்கும் பழுப்பு ஓட்டு முட்டைக்கும் ருசி மாறுமா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். தினமும் எடுத்துவிடுங்கள், கிடந்தால் அடைக்கு உட்காரும் ஆசை வரும், மிதித்து உடைக்கும், பிறகு தின்னப் பழகும் என்று விளக்கமாகச் சொன்னேன். நீ மேலே வந்து, “டாக்டர் கூப்பிடுதாரு, நல்லபடியா முடிஞ்சுட்டாம்” என்று சொன்னபோது போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “அப்ப வைக்கேன்” என்றார். இத்தனை போனில் அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் பேசினார். கோழியைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

உன் அப்பாவை அழைத்துக்கொண்டு நாம் ஊர் திரும்பினோம். கார் வந்து நின்றபோது அவர் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். அப்பாவை ஒரு பார்வை பார்த்து, “ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்றார். “நான் வாரேன், பஸ்ஸு வந்துரும்” என்று போய்விட்டார். நீ பின்னாலேயே ஓடிக் காபியாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னாய். அவர் உன் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். நீ மறுநாள் ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய். இதுவரை உனக்குத் தெரிந்தது.

நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் முட்டையும் உமி நிரப்பிய கூடையில் அடுக்கி இருந்தது. ஒன்றைக்கூட அவர் எடுத்துச் சாப்பிடவில்லை. கொட்டகை மூலையில் பழைய கூடைக்குள் கருப்பி அடையில் உட்கார்ந்திருந்தது. கீழே கை விட்டுப் பார்த்தேன். முட்டை இருந்தது. உடனே போன் செய்தேன்.

“நான் அடை வெக்க வேண்டாம்னுதான சொன்னேன்?”

“சொன்னீங்க. மூணு தடவ தூக்கி விட்டேன். மூணு தடவையும் வெறுந்தரையில போய் உக்காந்துக்கிட்டு. சினை ஆட்ட யாரும் வெரட்டுவாவளா? பாக்க மாட்டாம முட்டைய வெச்சுட்டேன். பொரிக்காட்டா என்னயத் திட்டுங்க” என்றார்.

எல்லாம் பொரிக்கவில்லை. கூமுட்டையும் இருந்தது. ஆனாலும் நான் நினைத்ததைவிட அதிகம் வந்தது. குஞ்சு வந்த அன்று நான் அவருக்கு போன் செய்து சொன்னேன். வந்து பாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. மறுநாள் காலை பதநீர்க்காரர் போகிற நேரத்துக்குப் பக்கவாட்டு கேட் சத்தம் கேட்டது. அவர்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பஞ்சாரத்துக்குள் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைக்கோழி அவரைப் பார்த்துச் சிலிர்த்தது. “வெச்சது நான், என்னயவே கொத்த வருது பாரேன்” என்று அதனிடமே சொன்னார்.

நான் அதற்குள் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். மதுரையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் மண்டபத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வாசல் ஏறி என்றுதான் சொன்னார். அவரை உள்ளே கூப்பிட்டு, கையைப் பிடித்து, பழசை மறந்துவிடுங்கள் என்று சொல்வது எல்லோரும் செய்வது. சொன்ன சொல்லை அவர் விழுங்கினால்தான் நமக்கு நிம்மதி என்று ஆகிவிடும். அவரோ இத்தனை நாளும் நம் தோட்டத்தில் படுத்துக்கொண்டு, தெருமுனை டீக்கடைத் தண்ணீரைக் குடித்து அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அதை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோறும் முட்டைக்குழம்பும் அகத்திக்கீரைப் பொரியலும் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுபோய், வேம்புக்கு அடியில் கிடந்த துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் பார்த்தார். “இது என்ன?”

“சோறு.”

“நான் சாப்பிட மாட்டேன்னு தெரியும்லா?”

“வாசல் ஏறிச் சாப்பிட மாட்டீங்க, அண்ணாச்சி. இங்கன வாசல் எங்க இருக்கு? இது கோழி மேயுத எடம்.”

அவர் வீட்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். வந்த வழியை மனதுக்குள் அளந்தது போல இருந்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தங்கச்சி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

அவர் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். பின்கதவு திறந்தது. உன் அப்பா, நெஞ்சுத் தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் தன் கஞ்சிக் கிண்ணத்தோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தனியாகப் படி இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். வந்து அவர் பக்கத்தில் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தார். கஞ்சியைக் குடிக்கவில்லை.

“சம்பந்தி” என்றார். “அன்னைக்கு எங்க அண்ணன் உங்கள எழுப்பும்போது நான் பாயச வாளியோட பின்னாலதான் நின்னேன். பாத்துக்கிட்டேதான் நின்னேன். வாய் தொறக்கல.”

எனக்கு அதுவரை தெரியாது. பார்க்கவில்லை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். இத்தனை நாளும் அதையே நம்பி, நான் பெரியப்பாவை மட்டும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

ஈஸ்வரியின் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “தெரியும். எந்திரிக்கும்போது உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்” என்றார். அப்புறம் கேட்டார்: “நெஞ்சுல தைச்ச எடம் வலிக்கா?”

“பேசினா வலிக்கு.”

“அப்ப பேசாதீங்க. கஞ்சி ஆறுது, குடிங்க.”

உன் அப்பா குடித்தார். ஈஸ்வரியின் அப்பா என்னிடம் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான் உள்ளே போய் எடுத்துவர நேரமாயிற்று. நான் வேண்டுமென்றேதான் நேரமாக்கினேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வந்தால் பக்கவாட்டு கேட் வழியாகத்தான் வருகிறார். தோட்டத்தில் சாப்பிடுகிறார். உன் அப்பாவும் அவரோடு வெளியே வந்துவிடுகிறார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குப் போக வேண்டியிருந்தால் அவர்தான் வந்து கோழி பார்க்கிறார். வீட்டு வாசலை இன்றுவரை ஏறவில்லை. பெரியப்பா வருகிற நாளில் அவர் வருவதில்லை. போன பொங்கலுக்கு நீ அவர் கையைப் பிடித்து, “இன்னும் எத்தன நாளைக்கு மாமா?” என்று உள்ளே இழுத்தாய். அவர் கையை உருவிக்கொண்டார். உனக்கு அவமானமாகப் போய்விட்டது, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இனி அப்படி இழுக்காதே. பெரியப்பாவையும் அவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேச வேண்டும் என்று ஈஸ்வரியிடம் சொன்னாயாம். அதுவும் வேண்டாம். பெரியப்பா தானாக எழுந்து அந்தக் கேட் வழியாகத் தோட்டத்துக்கு வந்தால் வரட்டும். அது அவர் பாடு.

கோழி வாங்க வரும்போது காற்றோட்டமான அட்டைப்பெட்டி இரண்டு கொண்டுவா. விடியும் முன் கிளம்பினால்தான் அவை வெயிலைத் தாங்கும், அதனால் முந்தின நாளே வந்துவிடு. ஓசூரில் இறக்கியதும் முதல் சில நாள் கூட்டைவிட்டு வெளியே விடாதே, இடம் பழகட்டும். அதற்கு முன்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பேசிவிட்டு வா. குடிவந்து இத்தனை நாளாகியும் பெயர் தெரியாது என்கிறாய். நீ ஊருக்கு வரும்போது உன் கோழிக்குத் தண்ணீர் வைக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

நீ வருகிற அன்று ஈஸ்வரியின் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோழியைப் பிடித்துப் பெட்டியில் போட உன் அப்பாவால் குனிய முடியாது, அவர்தான் பிடிக்க வேண்டும். சாப்பாடு தோட்டத்தில் வைத்திருப்பேன். நீ சாப்பாட்டு மேசையைத் தேடி உள்ளே போகாதே. அவர் பக்கத்தில் உட்கார்.

அம்மா